மேலதிகப் பட்டியலில் ஒரு பெயர்

உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து, வேட்பாளர்களின் செலவறிக்கைகளைச் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் கட்சியின் மேலதிகப் பட்டியலில் பெயர் தந்திருந்த ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு உடனேயே பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பதில் உண்மைதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணை, ஆசனத்தை நீங்கள் ஆருக்கும் குடுங்கோ. ஆனா என்ரை பேரைக் கேட்டு வீட்டை வரேக்கை, இவளுக்குக் கிடைக்காது எண்டு தெரிஞ்சுதானே வந்தனீங்கள்?"

"சீச்சீ, அப்பிடி இல்லைப் பிள்ளை" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் படிவத்தில் கையெழுத்து வைத்தார். கையெழுத்து வைக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் தானே போன் எடுத்து, 21 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வழக்கு வரும் என்று சொன்னார். கோபத்தோடு எழும்பிப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு யோசனை வந்திருக்காது.

வேட்புமனுக் காலத்தில் ஒரு சின்னக் கட்சியின் கிளைச் செயலாளர் படும் பாடு இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வட்டாரத்தில் நிற்க யாராவது வருவார்கள், சுவரொட்டியில் படம் வரும். வட்டாரம் எதிலும் நிற்காமல், விகிதாசாரத்தில் ஆசனம் கிடைத்தால் நியமிக்கலாம் என்று பெயர் மட்டும் கொடுக்கும் மேலதிகப் பட்டியலுக்குத்தான் ஆள் பிடிக்க முடியாது. அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால் நான்கில் ஒருவர் 35 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் முழு மனுவும் போகும். பெயர் கேட்டுப் போன வீடுகளில் தேத்தண்ணி தந்தார்கள், பெயர் தரவில்லை. தம்பிக்கு அரசாங்க வேலை என்றார்கள். பிறகு ஆரும் வந்து விசாரிப்பார்களோ என்றும் கேட்டார்கள். அந்தப் பயம் இங்கே இன்னும் முழுதாகப் போகவில்லை, அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தப் பிள்ளை மட்டும் கேட்டவுடன் ஓம் என்றது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர், வீட்டில் தையல். பெண் என்ற கணக்கிலும் இளையவர் என்ற கணக்கிலும் அந்த ஒரு பெயர் எங்களுக்கு உதவியது. 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளை, சில கிழமைகளில் சாவகச்சேரியில் பிறந்தது. அதனால் மனுவில் வயதைக் காட்ட வேண்டிய பிறப்புச் சான்றிதழுக்கு அங்கேதான் அலைய வேண்டியிருந்தது. போட்டோக்கொப்பி போதும் என்று மற்றவர்கள் சொன்னபோது, அத்தாட்சிப்படுத்திய பிரதிதான் வேண்டும் என்று நின்று, மற்ற இளையவர்களையும் எடுப்பித்தது இந்தப் பிள்ளைதான். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் பல கட்சிகளின், சுயேச்சைக் குழுக்களின் மனுக்கள் அந்தக் கடதாசிப் பிரச்சினையில்தான் நிராகரிக்கப்பட்டன. சிலர் நீதிமன்றம் போய்த்தான் திரும்ப உள்ளே வந்தார்கள். எங்கள் மனு முதல் நாளே தப்பியது.

மே 6 இரவு எண்ணி முடித்தபோது வட்டாரம் எதையும் நாங்கள் வெல்லவில்லை. சபை முழுவதும் விழுந்த வாக்கைக் கூட்டிப் பார்த்ததில் விகிதாசாரப்படி ஒரே ஒரு ஆசனம் கிடைத்தது. அந்த ஆசனத்துக்கு யாரை வேண்டுமானாலும் கட்சி நியமிக்கலாம். வட்டாரத்தில் தோற்றவரையும் போடலாம், மேலதிகப் பட்டியலில் இருப்பவரையும் போடலாம். தலைமைப்பீடம் கிளையிடம் ஒரு பெயர் கேட்டது.

நான் வட்டாரத்தில் நின்ற ஒருவரின் பெயரைக் கொடுத்தேன். எங்கள் வேட்பாளர்களில் அதிக வாக்கு எடுத்தவர் அவர்தான். கைக்காசு செலவழித்தவர். அவருக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த முறை வட்டாரத்தில் நிற்க ஒருவரும் வரமாட்டார்கள். வாக்கு எடுத்தவருக்கு ஆசனம் என்றால் சந்தியில் நின்று எவருக்கும் விளங்கப்படுத்தலாம். இந்த நியாயங்களை இன்றைக்கும் நான் கைவிடவில்லை. திரும்ப அதே கூட்டத்தில் இருத்தினாலும் அதே பெயரைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. ஒருவர் பெயரும் இல்லை, கட்சியும் சின்னமும்தான். அவர் எடுத்த வாக்கு என்று நாங்கள் சொல்வது அந்த வட்டாரத்தில் எங்கள் சின்னத்துக்கு விழுந்த வாக்கு. அந்த வட்டாரத்தில் பாதி ஒழுங்கைகளுக்கு நோட்டீஸ் கொண்டுபோனதும் இந்தப் பிள்ளைதான். ஆண்கள் போனால் படலையடியில் வைத்தே கதைத்து அனுப்பிவிடும் வீடுகள் அவை. இவரை உள்ளே கூப்பிட்டு இருத்தி, நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் கதையிலிருந்து மழைக்கு வெள்ளம் நிற்கும் ஒழுங்கை வரை எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து தந்தார். எங்கள் கடைசித் துண்டுப்பிரசுரத்தில் பாதி அந்தக் கொப்பியிலிருந்து எடுத்ததுதான். மேலதிகப் பட்டியலில் இருப்பவருக்கு வட்டாரம் இல்லை, அதனால் வாக்கும் இல்லை. நான் பெரிதாகப் பிடித்துக்கொண்ட அளவுகோலில் அவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் பூச்சியம்தான்.

சபையில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தவில்லை. 20 சதவீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான ஆசனமும் எடுத்த கட்சிகளுக்கு அதில் விலக்கு உண்டு. சின்னக் கட்சிகளின் கஷ்டத்தை நினைத்துச் செய்த ஏற்பாடு. கூட்டத்தில் அந்த விலக்கை வாசித்துக் காட்டியவன் நான்தான். செயலாளர் சட்டத்தைச் சொல்லத்தானே வேண்டும்? ஆனால் அதை வாசித்த பிறகு பெண்களின் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. பிள்ளை அப்போது அங்கே இல்லை. கூட்டம் இழுபட, கடைசி பஸ்ஸுக்கு எழும்பிப் போய்விட்டது. நாங்கள் வேண்டுமென்று இழுக்கவில்லை.

ஒருவர் மட்டும் பாதிப் பாதியாகப் பிரிப்போம், இரண்டு வருடம் அவர், இரண்டு வருடம் இந்தப் பிள்ளை என்றார். நான் மறுத்தேன். சபை நடைமுறையும் வரவு செலவுத் திட்டமும் பிடிபடவே ஒரு வருடம் போகும். பிடிபட்ட ஆளை இறக்கிப் புதிய ஆளை ஏற்றினால் சனத்துக்கு என்ன பிரயோசனம்? இராஜினாமாக் கடிதம் கேட்கும் நாளில் கிளைகள் உடைந்த கதையும் ஊரில் நிறைய உண்டு. இந்தக் காரணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதுவும் முதலில் கதிரையில் இருப்பவருக்குச் சாதகமான காரணம்தான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இப்போது "அப்பிடி இல்லை" என்று நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். பெயர் கேட்கப் போன நாளில் எங்களுக்கு ஒரு ஆசனம் வரும் என்றே எனக்குத் தெரியாது. ஆகவே அவருக்குக் கிடைக்காது என்று தெரிந்து போகவில்லை. அவ்வளவும் உண்மை. ஆனால் ஒரு ஆசனம் வரும் என்று தெரிந்திருந்தால் என்ன சொல்லிக் கேட்டிருப்பேன்? முதல் உரிமை வட்டாரக்காரருக்கு என்று சொல்லியிருப்பேனா? சொன்னால் அந்தப் பெயரும் கிடைத்திருக்காது, மனுவும் போயிருக்கும், ஆசனமும் வந்திருக்காது. அவர் அதற்கும் ஓம் என்றிருப்பார் என்று சில வேளை தோன்றுகிறது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

போன கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். அடுத்த முறை மேலதிகப் பட்டியலுக்குப் பெயர் வாங்கும் முன்பே, ஆசனம் வந்தால் யாருக்கு என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவோம் என்று. எங்கள் சபை உறுப்பினர் உடனே சொன்னார், "அப்பிடி எழுதினா வட்டாரத்துக்கு ஆள் வராது அண்ணை." அவர் சொல்வது சரி. எழுதாவிட்டால் பட்டியலுக்கு ஆள் வராது என்று பின்வாங்கிலிருந்து அந்தப் பிள்ளை சொன்னது. அதுவும் சரி. முடிவெடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். கூட்டத்தை இந்த முறை பின்னேரம் நாலு மணிக்கே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.