அகிஹிட்டோ இறங்கிட்டாரு, ஐகோ விஷயம் என்ன?

ஜப்பான் பேரரசர் அகிஹிட்டோ 2016 ஆகஸ்ட்ல டிவில வந்து, வயசாகுது, கடமைய முன்ன மாதிரி முழுசா செய்ய முடியாம போயிடுமோன்னு கவலையா இருக்குன்னு பேசினாரே, அதுல இருந்தே அவர் மேல எனக்கு தனி மரியாதை. விலகறேன்னு நேரடியா சொல்லல, சொன்னா அரசியல்ல தலையிட்ட மாதிரி ஆகிடும், அப்புறம் அவருக்காகவே 2017ல தனி சட்டம் போட்டு 2019 ஏப்ரல் 30, 85 வயசுல இறங்கினாரு, சுமார் 200 வருஷத்துல இதான் முதல் தடவை.

மறுநாளே மகன் நருஹிட்டோ வந்தாச்சு. ஆனா அவரோட ஒரே பொண்ணு ஐகோவுக்கு உரிமை கிடையாது, 1947 சட்டப்படி ஆண் வாரிசு மட்டும்தான், அதனால நருஹிட்டோவுக்கு அப்புறம் அவரோட தம்பிதான் வாரிசு, அடுத்து 2006ல பொறந்த தம்பி மகன் ஹிசாஹிட்டோ, அந்த தலைமுறைல ஒரே ஆண் வாரிசு அவர்தான். முன்னாடி 8 பெண்கள் ஆண்ட நாடுங்க அது, ஐகோவுக்கும் வழி விடணும்.