ஓட்டின் அடியில் இருந்த ஆண்டு

கும்பகோணத்துக்குத் தெற்கே, சிற்றூர் ஒன்றில் இருக்கும் எங்கள் தாத்தா வீடு 1865-இல் கட்டப்பட்டது என்றே மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். கூடத்தில் ஒழுக்கு கண்டதால் சென்ற ஆவணியில் கூரையைப் பிரித்தபோதுதான், அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது. ஓடு மாற்ற வந்த பெரியவர் இறக்கி வைத்த ஓடுகளின் அடிப்பக்கத்தில், பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை, மங்களூர், 1865 என்று ஆங்கிலத்தில் அச்சுப் பதிந்திருந்தது.

அது வீட்டின் ஆண்டு அன்று. பாசல் மிஷன் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுக் கிறித்தவ சமயப் பணி அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியரான பிளெப்ஸ்ட் மங்களூரில் அத்தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு. பிற்காலத்தில் செய்த ஓடுகளிலும் அதே எண்ணைப் பதித்தார்கள். முதல் உலகப்போரின்போது ஆங்கில அரசு மிஷனின் தொழில்களைத் தன்வசப்படுத்தியது; போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆகவே பழைய பெயரைத் தாங்கிய இந்த ஓடுகள் அந்தப் போருக்கு முன்போ, அதை ஒட்டியோ சூளையிலிருந்து வெளிவந்தவையாக இருக்க வேண்டும்.

ஆனால் வீடு முழுவதும் ஒரே வயதுடையது அன்று என்பது என் எண்ணம். திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், கூடம் ஆகியவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பி, மங்களூர் ஓடு வேய்ந்தவை. அடுக்களையும் அதன் பின்கட்டும் மண்சுவர். மேலே நாட்டு ஓடு. குனிந்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்னும் அளவுக்கு இறவாணம் தாழ்ந்திருக்கிறது. முதலில் இருந்தது இந்தப் பின்பகுதிதான் என்றும், கையில் காசு சேர்ந்த காலத்தில் முன்பகுதியைக் கட்டி இதனோடு சேர்த்தார்கள் என்றும் நினைக்கிறேன்.

மங்களூர் ஓட்டில் வரப்பும் பள்ளமும் உண்டு. ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் கவ்விக்கொள்வதால் ஒற்றை அடுக்கே மழைக்குப் போதும், மரச் சட்டத்துக்கும் சுமை குறைவு. நாட்டு ஓடு அப்படியன்று. குயவர் சக்கரத்தில் குழாய்போல் வனைந்து, ஈரத்திலேயே நெடுக இரண்டாகப் பிளந்து சுட்டது. கவிழ்த்தும் மல்லாத்தியும் பல அடுக்காகப் பரப்ப வேண்டும். குரங்கோ பூனையோ ஓடினால் கலைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் மழைக்கு முன் மாற்றி அடுக்கியாக வேண்டும். ஆனாலும் அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் சித்திரை வெயிலிலும் அடுக்களையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. வீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஒரு நாட்டு ஓட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். உட்பக்கம் நெடுக, வனைந்தவரின் விரல்கள் விட்டுப்போன வளையக் கோடுகள் இருந்தன. என் விரலை வைத்தபோது அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தியது. பெயரும் ஆண்டும் அதில் இல்லை.

உடைந்தவற்றுக்கு ஈடாக வைக்க நாட்டு ஓடு சுடுபவர் பக்கத்து ஊர்களில் எவரும் கிடைக்கவில்லை. அடுத்த தெருவில் இடித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்து, புரட்டாசி பிறப்பதற்குள் பின்கட்டை மூடினோம்.