எட்டயபுரத்து வீடும் கரிசல் மண்ணும்

பைக்கில் ரெண்டு பேர் காலையில் கிளம்பி அன்றைக்கே வீடு திரும்ப ஏற்ற வட்டம் இது: திருநெல்வேலி, கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி, மறுபடி நெல்லை. மொத்தம் சுமார் 180 கிலோமீட்டர். நூறு சிசி வண்டிக்கு 4 லிட்டர் பெட்ரோல் தாராளம். வழியில் வரும் ஊரெல்லாம் இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான்.

காலை 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். கயத்தாறில் நான்குவழிச் சாலை ஓரத்திலேயே கட்டபொம்மன் நினைவிடம் இருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்ட ஊர். பத்து நிமிஷம் போதும். கோவில்பட்டியில் சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினால் எட்டயபுரம் 15 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் தார் ரோட்டை விட்டு இறங்க வேண்டாம். கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரமே சுற்றாது. கீழே இறங்கிக் குச்சியால் நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாரதி 1882 டிசம்பர் 11 அன்று பிறந்த வீட்டைத் தமிழக அரசு 1973இல் வாங்கி நினைவில்லமாக்கியது. 2025 மார்ச்சில் மேல்தளக் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதனால் உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டு வண்டியை எடுங்கள். பிறந்த நாளும் நினைவு நாளும் கூட்டம் நெரியும், வீட்டைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம்.

பெரும்பாலானவர்கள் படங்களைப் பார்த்து, ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. இந்தப் பக்கத்துப் பழைய மச்சு வீடுகளில் தளம் போடுவதே தனி வேலை. ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை. அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூணு நாலு அங்குலம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியாக மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள்.

இது கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். மொட்டை மாடித் தூம்பை இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று ஓட்டின் இடுக்கில் வேர்விடும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் விட்டுவிடும். ஒழுகுகிறதே என்று அதன் மேல் சிமெண்ட் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டையில் தங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை நுனிதான் முதலில் உளுத்துப்போகும். அது கீழே நிற்கிற கண்ணுக்குத் தெரியாது. விழுகிற அன்றைக்குத்தான் தெரியும். சிமெண்ட் மூட்டையோடு வருகிற அவசர ரிப்பேரைவிட ஒழுகலே தேவலை என்பது என் கட்சி.

ரெண்டு பேர் போவதால் ஒரு வசதி உண்டு. ஒருவர் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், மற்றவர் எட்ட நின்று பார்க்கலாம். பூச்சு உப்பியிருக்கும் இடம் நிழல் கட்டி நிற்கும். தட்டிப் பார்க்கக் கை பரபரக்கும், வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் கண்ணில் பட்டால் அடிமண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். டயரில் அப்பிய அதே கரிசல்தான். மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். மேலே நிற்கிற சுவர் என்ன செய்யும்?

அதே ஊரில் கல்கி முன்னின்று நிதி திரட்டி 1947இல் திறந்த பாரதி மணிமண்டபம், 1835இல் மறைந்த முத்துசாமி தீட்சிதரின் நினைவிடம், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய இடம் எல்லாம் இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.

மதியத்துக்கு மேல் ஓட்டப்பிடாரம், வ.உ.சி. 1872இல் பிறந்த ஊர். அங்கே அவருடைய நினைவில்லம் இருக்கிறது. பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே கண்ணில் படுகிற கோட்டை 1974இல் கட்டியது. பழைய கோட்டையை 1801 போருக்குப் பிறகு ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள். புதுக் கோட்டைக்கு முன்னால் நின்று 'எவ்வளவு பழசு' என்று வியக்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளத்தைத் தேடிப் போய்ப் பாருங்கள், பழசு அதுதான்.

தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்குச் சுமார் 50 கிலோமீட்டர், நேர் மேற்கு. சாயங்காலம் 5 மணிக்கு மேல் வெயில் முகத்திலேயே அடிக்கும், எதிரே வரும் லாரி நிழலாகத்தான் தெரியும். ஒரு டீயைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு கிளம்புங்கள்.