பதினாறாம் வரி

மார்ச் 3, செவ்வாய்

தூக்கம் 7 மணி நேரம்.

மனநல மையத்தின் காலைக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் கணக்கு எழுதியவள் என்று முட்டிவலிக்காரர் போட்டுக் கொடுத்துவிட்டார். சமையல், தோட்டம், அலுவலகம் என்று மூன்று பிரிவு. கையைத் தூக்கி வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்காவிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது ஒரு கத்தியையும் ஒரு கூடை காயையும் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இங்கே சம்பளம் வாங்குகிறவர் யார், மாத்திரை சாப்பிடுகிறவர் யார் என்று பிரித்துப் பார்க்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

பதிவேட்டில் பெயர்கள் சேர்ந்த வரிசையில் இருக்கின்றன. நான் 17. பிப்ரவரி 11க்கு அப்புறம் 16ஆம் வரிக்கு நேரே எல்லாமே காலிக் கட்டம்.

கை நடுங்குகிறது. வந்தவருக்குப் போடும் 'வ' கட்டத்துக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. முழுப் பக்கமும் எறும்பு ஊர்ந்த மாதிரி.

மார்ச் 4, புதன்

6½. 16 வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

7 மணி.

வராதவர்களுக்குப் போன் செய்வதும் பதிவேட்டுக்காரர் வேலையாம். முன்பே சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். பொறுப்பாளர் ஒரே ஒரு விதிதான் சொன்னார்: "ஏன் வரலைன்னு கேக்காதீங்க. நீங்க வரலைன்னு எங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஏழு பேருக்குப் போட்டேன். நாலு பேர் எடுத்தார்கள். ஒருவர் "யாரு சொல்லிப் பேசுறீங்க?" என்றார். பதிவேடு சொல்லி என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை.

16க்கு மூன்று முறை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

மார்ச் 9, திங்கள்

6½.

இந்த நடுக்கம். டம்ளரில் முக்கால்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், அதையும் இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருக்கிறது. மனநிலை ஏறி இறங்காமல் இருக்க நான் சாப்பிடும் லித்தியத்துக்கு இது சகஜம், தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், அதற்கு வேறு மாத்திரை இருக்கிறது என்று டாக்டர் அப்போதே சொன்னார். நான் சொல்லவில்லை. ஒரு மாத்திரை, அந்த மாத்திரைக்கு ஒரு மாத்திரை, அப்புறம் அதுக்கு ஒன்று. எங்கே போய் நிற்கும்? தண்ணீர் குறையக் கூடாது, உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, வலி மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது, ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, தைராய்டு எப்படி. என் உடம்பே ஒரு பேரேடு ஆகிவிட்டது. இருப்புச் சரிபார்க்காத நாள் இல்லை.

பதினெட்டு வருஷத்தில் என் எழுத்தை ஒருத்தர் குறை சொன்னதில்லை. இன்று தோட்டப் பிரிவுப் பையன் தன் பெயருக்கு நேரே குனிந்து பார்த்து, "அக்கா, இது வந்தேனா வரலையா?" என்று கேட்டான். கேலி இல்லை. நிஜமாகவே அவனுக்குப் படிக்க முடியவில்லை.

ராத்திரி மாத்திரை டப்பாவைத் திறந்தேன். மூடினேன்.

இதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

மார்ச் 12, வியாழன்

6. நடுக்கம் பரவாயில்லை. 'வ' நிற்கிறது.

மார்ச் 16, திங்கள்

5½. ஆனால் சோர்வே இல்லை.

எழுத்து முத்து முத்தாக வருகிறது. தோட்டத்துப் பையன் "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றான்.

ஹெட்போன்காரர் இன்று அலுவலகப் பிரிவு. காதில் எப்போதும் பெரிய கருப்பு ஹெட்போன். பாட்டு ஒன்றும் ஓடுவதில்லையாம், ஒயர் பாக்கெட்டுக்குள் சும்மா தொங்குகிறது. அவருக்கு மட்டும் கேட்கும் குரல்கள் கூச்சல் போடும்போது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு "இப்ப வேலையா இருக்கேன், அஞ்சு மணிக்குப் பேசு" என்று சொல்லிவிடுவாராம். தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோரும்தானே அப்படிப் பேசிக்கொண்டு போகிறார்கள். "கேக்குமா அது?" என்றேன். "சில நாள் கேக்கும். அஞ்சு மணிக்கு மறக்காம வந்துடும்" என்றார். இதுவரை அவர் என்னிடம் பேசியதில் இதுதான் நீளம்.

16 வரவில்லை.

மார்ச் 18, புதன்

5.

இந்த மாதிரி இடங்கள் எங்கே ஆரம்பித்தன என்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நியூயார்க்கில் ராக்லேண்ட் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த சில பேர், 1940களில், போக இடமில்லாமல் தாங்களே கூடிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் பெயர் 'நாங்கள் தனியாக இல்லை'. 1948இல் ஒரு வீடு கிடைத்தது. கொல்லைப்புறத்தில் ஒரு நீரூற்று இருந்ததால் ஃபவுண்டன் ஹவுஸ் என்று பெயர். நோயாளி இல்லை, உறுப்பினர். ஒருமுறை சேர்ந்தால் ஆயுசுக்கும் உறுப்பினர். வராதவரைத் தேடிப் பிடிக்கும் வழக்கமும் அங்கேயே உண்டு. என் போன் வேலைக்கு எவ்வளவு பெரிய பரம்பரை! இதையெல்லாம் ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?

நம் மையத்தில் நீரூற்று இல்லை. வைக்கலாம். செலவு என்ன ஆகிவிடப் போகிறது.

மார்ச் 20, வெள்ளி

4½, போதும், அதுவே அதிகம்.

பெல்ஜியத்தில் கேல் என்று ஓர் ஊர். 700 வருஷமாக ஊர்க்காரர்கள் மனநோய் உள்ளவர்களைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள், சம்பந்தி மாதிரி இல்லை, சொந்தம் மாதிரி, 1930களின் கடைசியில் 3,000 பேருக்கு மேல் அங்கே வீடுகளில் இருந்திருக்கிறார்கள், என்ன நோய் என்றுகூட அந்தக் குடும்பங்களிடம் சொல்வதில்லையாம், சொல்லி என்ன ஆகப் போகிறது, இவர் காலையில் பேச மாட்டார், அவர் கதவைச் சாத்தினால் பயப்படுவார், அவ்வளவு தெரிந்தால் போதாதா, என் அக்காவுக்கு என் நோயின் பெயர் இரண்டு மொழியில் தெரியும், நான் காலையில் பேச மாட்டேன் என்பது தெரியாது.

அப்புறம் இத்தாலியில் திரியஸ்தே. பிராங்கோ பசாலியா என்ற டாக்டர். 1973இல் மருத்துவமனைக்குள் இருந்தவர்களும் ஓவியர்களும் சேர்ந்து மரத்திலும் காகிதக் கூழிலும் ஒரு பெரிய நீலக் குதிரை செய்தார்கள். மார்கோ கவாலோ. முன்பு அங்கே துணி மூட்டை வண்டி இழுத்த நிஜக் குதிரையின் பெயர் அது. குதிரையை வெளியே கொண்டு போகப் பார்த்தால் வாசலுக்குள் அடங்கவில்லை. குதிரையைச் சின்னதாக்கவில்லை, வாசலை உடைத்தார்கள்!! ஐந்து வருஷத்தில், 1978இல், பழைய மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடச் சொல்லி அந்த நாட்டில் சட்டமே வந்துவிட்டது, 180ஆம் எண் சட்டம்.

நாமும் செய்யப் போகிறோம். காலைக் கூட்டத்தில் இருபது நிமிஷம் பேசினேன். முட்டிவலிக்காரரே வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் மட்டும் "தூக்கம் எப்படிம்மா?" என்றார். குதிரையைப் பற்றிப் பேசினால் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இதுதான் பிரச்சினை இந்த இடத்தில்.

மார்ச் 21, சனி

3. நீலப் பெயின்ட் சொல்லிவிட்டேன், பதினொரு டின், அடர்நீலம் ஆறு, வான்நீலம் ஐந்து. பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து பிரதி எடுக்கிறேன். வந்தவர் பச்சை, வராதவர் சிவப்பு, போன் எடுத்தவர் நீலம், கருப்பு 16க்கு மட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

தூக்கம் எதற்கு.

16க்கு ராத்திரி போட்டேன். பகலில் எடுக்காதவர் ராத்திரி விழித்திருப்பார் இல்லையா, யாரும் இதை யோசிக்கவே இல்லை. பதினாலு முறை. எடுத்து வைத்துவிட்டார். எடுத்தார்!

மார்ச் 23, திங்கள்

ஹெட்போன்காரர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தார். நேற்றுவரைக்கும் நான் எழுதிய பிரதியில் விரலை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் பொறுப்பாளர் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

பொறுப்பாளர் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பிப்ரவரியில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்தது. 'நான் மாறிக்கொண்டு வருகிறேன் என்பது எப்படித் தெரியும்?' என்று மேலே அச்சடித்திருக்கிறது. கீழே என் கையெழுத்து, கோணல்மாணலாக:

'ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குவேன். கலர் கலராக எழுதுவேன். ராத்திரியில் போன் செய்வேன். பெரிய செலவு. இதைக் காட்டினால் கோபப்படுவேன். காட்டுங்கள்.'

கோபப்பட்டேன். பொறுப்பாளரை 'நீ' என்று பேசிவிட்டேன். என்னைவிட பத்து வயது பெரியவர். அவர் தாளை நகர்த்தவே இல்லை.

நடுங்கிய கை எழுதியதை முத்தெழுத்துக்காரி எத்தனை முறை படித்தாளோ.

அப்புறம் டப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

மார்ச் 24, செவ்வாய்

மையத்தில் மாத்திரை தருவதில்லை, ஊசியும் கிடையாது. அது டாக்டர் வேலை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தனியாக அனுப்பவும் இல்லை. ஹெட்போன்காரர் கூட வந்தார். வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம். நான் வெளியே வரும்போது யாரிடமோ அஞ்சு மணிக்குப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரத்தத்தில் லித்தியம் 0.2. எனக்கு 0.6ஆவது இருக்க வேண்டுமாம். டாக்டர் திட்டவில்லை, "நடுக்கத்துக்காகவா?" என்று மட்டும் கேட்டார். "மூச்சிழுப்பு உண்டா?" இல்லை. நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால் எழுதினார். இவ்வளவுதானா? இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் நோய் இன்னும் வேகமாகத் திரும்பும் என்றார். தெரியும். தெரிந்துதானே எழுதாமல் விட்டேன்.

தூங்குவதற்கும் ஒன்று. ஆக மொத்தம் மூன்று.

மார்ச் 27, வெள்ளி

14 மணி.

மார்ச் 28

13.

மார்ச் 31, செவ்வாய்

11. பல் தேய்த்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

போன் அடித்தது. முட்டிவலிக்காரர். பதிவேடு இப்போது அவரிடமாம். "நீங்க வரலைன்னு எங்களுக்குத் தெரிஞ்சுது" என்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் வைக்கவில்லை. முட்டியைப் பற்றி ஆரம்பித்தார். படி ஏறும்போது வலி ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி. இடது முட்டியில் சத்தம், வலது முட்டியில் வீக்கம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்ன டாக்டரை இருபது நிமிஷம் திட்டினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், அவ்வளவு நேரமும் நின்றுகொண்டு பேசியிருக்கிறேன். ஒரு வாரமாகக் கட்டிலை விட்டு அவ்வளவு நேரம் எழுந்ததில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

9.

போனேன். யாரும் கைதட்டவில்லை, நல்லவேளை. பொறுப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். "'நீ'ன்னு கூப்பிட்டதுல ஒண்ணும் இல்ல. அந்தப் பெயின்ட்டை என்ன செய்யறதுன்னுதான் தெரியலை" என்றார். கடைக்காரர் ஆறு டின்னைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஐந்து மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. காசு போனது போனதுதான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

என் பிரதியைக் கிழிக்கவில்லை. பழைய பதிவேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள், நாலு கலரும் தெரிய. 17க்கு நேரே பத்துக் காலிக் கட்டம். முட்டிவலிக்காரரின் 'வ' என்னுடையதைவிட மோசம்.

இரண்டு மணி நேரம் காய் நறுக்கினேன். ஒரே அளவாக வரவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

8. அக்கா சாயங்காலம் குடும்பத்தார் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாதாம், சொல்லவில்லை. கண் வீங்கியிருந்தது. தூங்கப் போகும் முன் "காலையில உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதோ?" என்றாள்.

ஏப்ரல் 13, திங்கள்

8. ஹெட்போன்காரருக்கு ஒரு அலுவலகத்தில் அரை நாள் வேலை, ஆறு மாதத்துக்கு. மையத்தின் மூலமாக வந்த இடம். அவரால் போக முடியாத அன்று மையத்திலிருந்து வேறொருவர் போய் அந்த வேலையைச் செய்வார்களாம். முதலாளிக்கு ஆள் குறையாது, இவருக்கு வேலையும் போகாது. இதை யோசித்தவர் யாரோ, உடம்பு சரியில்லாமல் வேலை இழந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஹெட்போன் போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறார். போகலாம் என்றார்களாம்.

எனக்கும் கேட்டார்கள். இப்போது வேண்டாம் என்றேன். ராத்திரி முழுக்க ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். முழுக்க இல்லை, பதினொன்றரை வரைக்கும்.

ஏப்ரல் 16, வியாழன்

7½. நடுக்கம் கொஞ்சம் இருக்கிறது. 'வ' கட்டத்துக்குள் நிற்கிறது, சாய்ந்துகொண்டு.

ஏப்ரல் 20, திங்கள்

7.

பதிவேடு மறுபடி என்னிடம். 16க்குப் போட்டேன், பகல் பதினொரு மணிக்கு. பதினாலு முறை ராத்திரியில் அடித்தது நான்தான் என்று முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன்.

யாரோ வயதானவர் எடுத்தார். அம்மாவாக இருக்கும்.

"தூங்குறா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம்மா, வேண்டாம்."

எத்தனை மணி நேரமாக என்று கேட்க வாய் வரை வந்தது. மையத்திலிருந்து பேசினோம், அவங்க வரலைன்னு எங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க என்றேன். அந்தம்மா "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அங்க இன்னும் அவ பேரு இருக்கா?" என்றார்.

இருக்கு. பதினாறு.

நாளைக்கு ரத்தம் கொடுக்கணும். கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம். இப்போது ஒன்பது.