பைக்கை விட்டு சைடு வீல் ஸ்கூட்டருக்கு: ஆர்.டி.ஓ. ஆபீஸில் நான் பட்ட பாடு

இடது கால் முட்டிக்குக் கீழே போனபிறகு ஸ்ப்ளெண்டரில் கியர் மாற்றவும் வழியில்லை, சிக்னலில் ஊன்றி நிற்கவும் வழியில்லை. பைக்கை மச்சானிடம் கொடுத்துவிட்டு, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டிய கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறினேன். டயரை எண்ணினால் நாலு வரும். ஆனால் ஊருக்கு அது மூணு சக்கர வண்டிதான்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாகத் தரும் ஸ்கூட்டருக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு மண்டியில் கணக்கு எழுதும் வேலை. விடியற்காலை லோடு இறங்கும் நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அதனால் லோன் போட்டு நானே வாங்கினேன். ஊனச் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. கார்டு எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன.

சிக்கல், சக்கரம் மாட்டிய பிறகு ஆரம்பித்தது.

இந்த மாதிரி வண்டியில் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று, வண்டியை மாற்றியமைத்த விவரம் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், ஏற வேண்டும். இன்னொன்று, லைசென்ஸில் அதற்கான வகை சேர வேண்டும். கியர் பைக் லைசென்ஸ் கையில் இருக்கிறதே, அது போதாதா என்று நினைக்காதீர்கள். 'அடாப்டட் வெஹிக்கிள்' (மாற்றியமைத்த வண்டி) என்று தனியாக ஒரு வகை உண்டு. பழைய தாள்களில் 'இன்வேலிட் கேரேஜ்' என்று இருக்கும்.

ஆர்.சி. கவுன்டரில் கேட்ட முதல் கேள்வி: "இந்த வண்டி ஓட்ட லைசென்ஸ் இருக்கா சார்? அதைக் கொண்டாங்க, பார்க்கலாம்." லைசென்ஸ் கவுன்டருக்குப் போனால், "டெஸ்டுக்கு வர்ற வண்டி ஆர்.சி.ல ஏறியிருக்கணும் சார். ஏத்திட்டு வாங்க." இரண்டு கவுன்டருக்கும் நடுவில் ஒரு தூண். அதில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வாசலில் இருந்த புரோக்கர் என் காலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குன்னா கம்மியா முடிச்சுத் தர்றேன்ணே" என்றார். இரக்கத்துக்கும் ஒரு ரேட் வைத்திருந்தார்.

ஆர்.சி. கவுன்டர் எழுத்தரிடம் வாயால் பேசிப் பயனில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில், மாற்றம் செய்த 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. லைசென்ஸைக் காட்டினால்தான் ஆர்.சி.யில் ஏற்றுவோம் என்று அதில் எங்கும் இல்லை. இதையே வெள்ளைத்தாளில் அதிகாரி பெயருக்கு மனுவாக எழுதினேன். சக்கரம் மாட்டிய பில்லை இணைத்து, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் கேட்டேன். சீல் குத்தியபோதே அந்த அறையில் பேச்சு மாறியது. பிறகு அதிகாரியே கூப்பிட்டு, "முதல்ல ஆர்.சி. வேலையை முடிங்க" என்று எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அது போதும்.

அதோடு முடிந்ததா? ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி லோனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு, இருந்தது. லோன் பாக்கி இருக்கும்போது வண்டியில் மாற்றம் செய்ய ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். கிளையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதில் சேஸிஸ் நம்பரே இல்லை. அந்தத் தாளோடு போனதற்கு ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். கடிதம் வாங்கும்போது அங்கேயே நின்று வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், 'பக்கச் சக்கரம் பொருத்த ஆட்சேபணை இல்லை' என்ற வரி மூன்றையும் சரிபாருங்கள். இன்னும் நல்லது, சக்கரம் மாட்டுவதற்கு முன்பே வாங்கிவிடுவது.

சக்கரம் எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். லேத் பட்டறையில் பாதி விலைக்கு வெல்டிங் வைத்து மாட்டித் தருவார்கள். வண்டி ஓடும், ஆனால் ஆய்வாளர் கேட்கும்போது காட்டத் தாள் இருக்காது. புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற கிட் என்றால் அந்தச் சான்றின் நகலையும் பில்லோடு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) ஆன்லைனிலேயே போட்டாயிற்று. 30 நாள் கழித்து டெஸ்ட். தரையில் போட்டிருந்த எட்டு, இரு சக்கர வண்டிக்கு அளந்தது. என் வண்டியின் அகலத்துக்கு அதற்குள் திரும்பவே முடியாது. ஆய்வாளர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நேரா போய் ரைட்ல திரும்பி வாங்க, பிரேக் அடிச்சு நிறுத்துங்க" என்றார். முடிந்தது.

ஓட்டுவதைப் பற்றி யாரும் சொல்லித் தராததைச் சொல்கிறேன். பைக்கில் வளைவு வந்தால் உடம்பு தானாகச் சாயும், வண்டியும் கூடவே சாயும். இந்த வண்டி சாயாது. ஹேண்டிலைத் திருப்பித்தான் ஆக வேண்டும், வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உடம்பை வளைவின் உள்பக்கம் கொடுக்க வேண்டும். பழைய கை ஞாபகத்தை மறக்கவைப்பதுதான் பெரிய பாடு. முதலில் ஆளில்லாத மைதானத்தில் பழகுங்கள்.

ரோட்டின் இடது ஓரம் சரிவாக இருக்கும், வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். பைக்கில் இரண்டு குழிக்கு நடுவே ஒரு கோடு பிடித்துப் போன நாளெல்லாம் முடிந்தது. இப்போது ஒன்றைத் தப்பினால் இன்னொன்றில் இறங்கும். தார் முடிந்து மண் ஆரம்பிக்கும் விளிம்பில் இடது சக்கரத்தை இறக்கவே இறக்காதீர்கள். நிறுத்தும்போது மூக்கைச் சுவர்ப்பக்கம் கொடுத்து, அதுவும் இறக்கத்தில், நிறுத்திவிடாதீர்கள். ரிவர்ஸ் வசதி இல்லாத வண்டியைக் கால் ஊன்றிப் பின்னுக்குத் தள்ள நம்மால் முடியாது. மண்டியில் மூட்டை தூக்கும் தம்பிகளை நான் கூப்பிட வேண்டியதாயிற்று.

கடைசியாக இன்ஷூரன்ஸ். ஊனமுற்றவருக்காக மாற்றியமைத்த வண்டி என்று ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால், ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டிக்குக் கிடையாது. ஏஜென்டிடம் கேட்டேன், "அப்படி எதுவும் இல்லைங்க" என்றார். பாலிசியில் இந்தத் தள்ளுபடிக்கான விதி ஐ.எம்.டி. 12 என்று அதன் எண்ணையே எழுதி, ஆர்.சி. நகலோடு கிளையில் நேரில் நீட்டியதும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துப் போட்டுக்கொடுத்தார்கள். புதுப்பிக்கும்போது பாலிசி தாளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.