பெயர் இல்லாத பிரெஞ்சு ரேஸ் சைக்கிள்: காலிப்பரோடு மூன்று வாரம்

லியோனில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தெருச் சந்தையில் 40 யூரோவுக்கு வாங்கினேன். சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) முழுக்க யாரோ தூரிகையால் அடித்த பிரவுன் பெயின்ட். ஸ்டிக்கர் இல்லை, பெயர் இல்லை. தூக்கிப் பார்த்தபோதுதான் மனம் போனது, அவ்வளவு லேசு.

உதிரிபாகங்களில் பெயர்கள் இருந்தன. பிரேக் மஃபாக் ரேசர், கிராங்க் ஸ்ட்ராங்லைட் 93, கியர் மாற்றி சிம்ப்ளெக்ஸ் பிரெஸ்டீஜ். மூன்றும் பிரெஞ்சுக் கம்பெனிகள்தான். ஆனால் பெஜோ, ழித்தான், மெர்சியே என்று பிரெஞ்சு சைக்கிள் கம்பெனிகள் எல்லாருமே அந்தக் காலத்தில் இதே கடைச்சரக்கை வாங்கிப் பூட்டினார்கள். பாகத்தை வைத்து அறுபதுகளுக்கு முந்தியது அல்ல என்று சொல்லலாம், அவ்வளவுதான். யார் செய்தது என்பதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் சீட் தண்டை உருவி, விட்டம் அளக்கும் காலிப்பரால் அளந்தேன்: 26.4 மி.மீ. சீட் குழாயின் வெளி அளவு சரியாக 28. ஆங்கிலேயக் குழாய் என்றால் 28.6 இருக்கும். 28இல் 26.4 போனால் 1.6, அதாவது குழாயின் சுவர் பக்கத்துக்கு 0.8 மி.மீ.தான். மலிவுச் சைக்கிளில் சுவர் தடிமனாக இருக்கும், தண்டு 24, 25 என்று ஒல்லியாக வரும். ஆக, இது நல்ல குழாய். ரெனால்ட்ஸ் 531 என்ற பேர்பெற்ற லேசான எஃகுக் குழாயாக இருக்கலாம் என்று அப்போதே ஒரு நப்பாசை.

அதிக நேரம் தின்றது பெடல் அச்சு ஓடும் இடம். அச்சின் பேரிங்கைத் தாங்கும் மரையிட்ட கப் பக்கத்துக்கு ஒன்று. வலது பக்கக் கப்பை ஆங்கிலேய முறைப்படி வலஞ்சுழியாகத் திருப்பினேன், அசையவில்லை. நல்ல வேளை, பலம் போடவில்லை. இடது கப்பை முதலில் கழற்றி மரையை அளந்தேன். பத்து மரைக்கு 10 மி.மீ. வந்தது, ஆங்கிலேய மரை என்றால் 10.6 வரும். அப்படியானால் பிரெஞ்சு அல்லது ஸ்விஸ். இரண்டுக்கும் அளவு ஒன்று, 35க்கு 1 (விட்டம் 35 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ.). வலது கப் சுழலும் திசைதான் வித்தியாசம். ஸ்விஸ் ஆங்கிலேயம் போல, பிரெஞ்சு சாதாரண போல்ட் போல. இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, கப்பின் தட்டைப் பக்கங்களை வைஸில் கவ்வி, சட்டத்தையே நெம்புகோலாகப் பிடித்து எதிர்த் திசையில் திருப்பினேன். 'டக்' என்று விட்டது. சுத்தமான பிரெஞ்சு. எழுபதுகளின் பின்பாதியில் ஸ்விஸ் மரைக்குப் போன மொத்தோபெக்கான் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கம்பெனி மேல் இருந்த சந்தேகம் அதோடு குறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெடல் மரை 14க்கு 1.25. கடையில் கிடைக்கும் 9/16 அங்குலப் பெடல் 14.3 வரும். ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும், அப்புறம் அலுமினிய கிராங்கின் மரையைச் சீவிவிடும். அளக்காமல் எதையும் பூட்டாதீர்கள்.

முன் கியர் மாற்றியை நான் உடைத்துவிட்டேன். டெல்ரின் பிளாஸ்டிக், ஐம்பது வருடப் பழசு. பிடி திருகைக் கால் சுற்று கூட்டியதுமே விரிசல் ஓடியது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை விடை கிடைத்தது. ஹேண்டில் குழாய் மூட்டுகளில், நெர்வெக்ஸ் லக்கின் (குழாய்களை இணைக்கும் உறை) வளைந்த ஓரத்தில், பிரவுன் பெயின்ட் ஏற்கெனவே பொரிந்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் கீறினேன். அடியில் குழாய் வெள்ளை, லக் மட்டும் கருப்பு. இரண்டும் சேரும் கோட்டைப் பார்த்ததும் நகத்தை எடுத்துவிட்டேன், பயத்தில். வெள்ளைச் சட்டம், கருப்பு நெர்வெக்ஸ் லக், 26.4 தண்டு, சிம்ப்ளெக்ஸ், மஃபாக், ஸ்ட்ராங்லைட்: பெஜோவின் பி.எக்ஸ் 10 என்ற ரேஸ் மாடல். 1966, 67இல் பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் ஓடியது பெஜோ அணிக்குத்தான்.

பெயின்ட் ரிமூவர் ஊற்றப் போவதில்லை, அது அடி வண்ணத்தையும் தின்றுவிடும். மரக்குச்சியால் சுரண்டுகிறேன். ஒரு மாலைக்கு உள்ளங்கை அகலம் வெளுக்கிறது. நேற்று சீட் குழாயின் மேல்பகுதியை எட்டினேன். ஒரு ஸ்டிக்கரின் கிழிந்த ஓரம் தெரிகிறது, '31' மட்டும் படிக்க முடிகிறது.