பாம்ப்லோனாவில் மாடு அடைக்கிற காலை

ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் போய் இறங்கின அன்று, தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் என் அரைகுறை ஸ்பானிஷில் "நாளைக்குக் காளை ஓட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு, "எட்டு மணிக்கு. ஆனால் அதுக்குப் பேர் என்சியெர்ரோ" என்றார்.

'என்செர்ரார்' என்றால் உள்ளே விட்டு அடைப்பது. அதிலிருந்து வந்ததுதான் என்சியெர்ரோ. ஆங்கிலப் பேரை நம்பிப் போயிருந்த எனக்கு, ஊர்க்காரர்கள் வைத்த பேரில் ஓட்டமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் மேய்ப்பர்கள் பண்ணைக் காளைகளை விடியற்காலையில் ஊருக்குள் ஓட்டிவந்து அடைப்பார்களாம், சாயங்காலக் காளைச் சண்டைக்காக. பின்னால் மாடு பத்துகிறவர்களின் பிழைப்பு அது. முன்னால் புகுந்து ஓடிய இளவட்டங்களை யாரும் கூப்பிடவில்லை.

இதற்கு ஒரு குட்டியும் உண்டு, என்சியெர்ரியோ. அன்று இரவு பத்து மணிவாக்கில் கோட்டைச் சுவர்மேல் நின்று பார்த்தேன். மறுநாளைக்கான ஆறு காளைகளையும் ஆற்றைத் தாண்டி மேட்டிலிருக்கும் சாந்தோ தொமிங்கோ தொழுவத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கூட ஓட யாருக்கும் அனுமதி கிடையாது. கேமரா வெளிச்சம் கூடாது, பேச்சும் கூடாது. பகலெல்லாம் ஒயினும் மேளமுமாகக் கிடந்த ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இருட்டில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. உண்மையைச் சொன்னால், மறுநாள் காலையைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

காலை ஆறு மணிக்கே போய் நகராட்சிச் சதுக்கத்தில் மரவேலிமேல் இடம் பிடித்தேன். வேலி இரண்டு வரிசை. நடுவில் முதலுதவிக்காரர்களும் போலீசும். நம்மைப் போன்றவர்களுக்குப் பின்வரிசைதான். ஓடுகிறவர்கள் புறப்படும் மேட்டில், சுவர் மாடத்திலுள்ள புனிதர் சான் ஃபெர்மின் சிலையைப் பார்த்துச் சுருட்டிய செய்தித்தாளை உயர்த்தி மூன்று முறை பாடுவார்கள். அதையெல்லாம் அப்புறம் டிவியில்தான் பார்த்தேன்.

எட்டு மணிக்கு முதல் வாணம், தொழுவக் கதவு திறந்தாச்சு. எல்லா மாடும் வெளியே வந்ததும் இரண்டாவது. முதலில் வந்தது மணிச் சத்தம். வழிகாட்டக் கூடவே ஓடும் காயடித்த மாடுகளின் கழுத்து மணி. அப்புறம் ஒரு கறுப்பு முதுகு, கல்லில் வழுக்கிய குளம்பு, வெள்ளைச் சட்டை இளைஞன் ஒருவன் குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டது. விழுந்தால் எழுந்திருக்கவே கூடாது என்பது இங்கே பாலபாடம். மாடுகள் அவனைத் தாண்டிப் போய்விட்டன. நான் பார்த்தது பத்து விநாடி இருக்குமா? மொத்தத் தூரமே 875 மீட்டர், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1910-லிருந்து 16 பேரின் உயிரைக் குடித்த தெரு அது. கடைசிச் சாவு 2009-இல்.

அவ்வளவுதான் என்று இறங்கக் காலை எடுத்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, விரல்விட்டுக் காட்டினார்: இன்னும் இரண்டு வாணம். ஒரு மாடு பின்தங்கித் திரும்பி வந்தால் தெரு அதனுடையது. மூன்றாவது வாணம், எல்லா மாடும் அரங்குக்குள் நுழைந்ததற்கு. அது வெடித்தும் அவர் பிடியை விடவில்லை. நாலாவது கேட்டது; ஆறும் கொட்டடியில் அடைபட்டாச்சு. அப்போதுதான் கையை எடுத்தார்.

வீட்டுக்குப் போனால், "அடைத்தாச்சு இல்லையா?" என்றார் அந்த அம்மா. சாயங்காலம் ஆறரை மணிக் காளைச் சண்டைக்கு அவரிடம் ஒரு டிக்கெட் மிச்சமிருந்தது. காலையில் பார்த்த அதே ஆறும் ஒவ்வொன்றாக வெளியே வரும், உயிரோடு திரும்பாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். பஸ் மறுநாள்தான்.